உயிர்களின் அறிமுகம்

முன்பின் அறியாத இருவர், சந்தித்த நாழிகைக்குள்ளாகவே பல்லாண்டு பழகியவரைப் போல் ஆகிவிடுவதை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். ஊர் வழக்கில் இதனை 'விட்ட குறை, தொட்ட குறை' என்று சொல்லி முடித்துவிடுவர். முற்பிறவி நம்பிக்கையில் பிறந்த சொல் அது. நமக்கு அது பொருந்தாது. ஆயின் கேள்வி நமக்கும் உரியதே. எதனால் இவ்வாறு நேர்கிறது?

உயிர்களை அணிவகுத்த படைகளுக்கு ஒப்பிட்டு, ஒன்றையொன்று அறிந்துகொண்டவை சேர்வதையும் அல்லாதவை பிரிவதையும் கூறும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. இதனையொட்டி ஒரு சுவையான செய்தியும் உண்டு. மக்காவில் வேடிக்கைப் பேச்சில் வல்ல பெண்மணி ஒருவர் இருந்தார். அவர் மதீனாவுக்கு வந்தபோது, தம்மைப் போலவே வேடிக்கைக்குப் பெயர்பெற்ற ஒரு பெண்மணியின் வீட்டிலேயே சென்று தங்கினாராம். அதனைக் கேள்வியுற்ற அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இந்நபிமொழியை நினைவுகூர்ந்தார்கள்.

இமாம் கத்தாபி இதற்கு இருவகையாக விளக்கம் கூறுகின்றார். உடல்கள் படைக்கப்படுவதற்கு முன்னரே உயிர்கள் சந்தித்திருந்தன என்பது ஒன்று. இயல்பால் ஒத்தவர் ஒத்தவரை நாடுவர், நல்லவர் நல்லவரையும் தீயவர் தீயவரையும், என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது விளக்கம் சற்று அச்சமூட்டுவது. ஒருவரைக் கண்டதும் நம் மனம் துள்ளுமாயின், அது அவரைப் பற்றி மட்டுமன்று, நம்மைப் பற்றியும் சாட்சி சொல்கிறது.

தமிழ் மரபும் இதனை அறியாததன்று. நட்புக்கு உடனுறைதல் வேண்டா, ஒத்த உணர்வே போதும் என்ற வள்ளுவரின் கருத்துக்கு, நேரிற் காணாமலேயே நண்பரான கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் பரிமேலழகர் எடுத்துக்காட்டுகின்றார்.

ஆயினும் உயிர் உயிரை வெறுமனே அறிந்துகொள்வதில்லை. வெளியே ஓர் அடையாளம் வேண்டியிருக்கிறது. அவ்வடையாளங்கள் எவை என்பதைக் காண மண்டபத்தைவிடப் பொருத்தமான ஊர் அரிது. பாம்பன் பாலத்துக்கு முன் நிலப்பரப்பின் கடைசி ஊர் இது. 1914இல் பாலம் திறந்த பின், 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை, தலைமன்னார்க் கப்பலுக்குச் செல்லும் ரயில் இவ்வழியேதான் ஓடியது. இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளர்கள் மருத்துவச் சோதனைக்காக இங்குள்ள முகாமில் தங்கவைக்கப்பட்டனர். ஊர்ப்பெயரோடு 'முகாம்' என்ற சொல் ஒட்டிக்கொண்டது அதனாலேயே.

ஒரே பயணத்தின் துன்பம் மனிதரை எவ்வளவு விரைவாகப் பிணைக்கும் என்பதற்குக் கடல்கடந்த சான்று ஒன்றுண்டு. கரீபியத் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர், ஒரே கப்பலில் வந்தவரை 'ஜஹாஜி பாய்', அதாவது கப்பல் சகோதரர், என்று அழைத்தனர். அவ்வுறவு உடன்பிறப்புக்கு நிகராகவே மதிக்கப்பட்டது.

நம் கரையில் சொல்லே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. வாப்பா, உம்மா, காக்கா என்ற சொற்கள் கீழக்கரையிலும் ஒலிக்கின்றன. இலங்கையின் கீழைக்கரையிலும் ஒலிக்கின்றன. ஸலாத்துக்கு அடுத்து இச்சொற்களுள் ஒன்று காதில் விழுந்தால், அந்நியர் என்ற எண்ணம் பாதி கரைந்துபோகிறது. மீதியை உணவு கரைக்கிறது. ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து ஒரே சோற்றில் கை வைத்தவர்கள் பெயர் கேட்டுக்கொள்வது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்!

அருகிலுள்ள இராமேசுவரத்தில் நிகழ்ந்ததை அப்துல் கலாம் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கின்றார். அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் அவரைத் தம் இல்லத்துக்கு உண்ண அழைத்தார். ஆசாரமான அவர் மனைவி தம் சமையலறையில் முஸ்லிம் சிறுவனுக்குப் பரிமாற மறுக்கவே, ஐயர் தம் கையாலேயே பரிமாறி, சிறுவனின் அருகிலேயே அமர்ந்து உண்டார். அடுத்த வாரமும் அழைத்தார். அம்முறை அவ்வம்மையாரே சமையலறைக்குள் அழைத்துச் சென்று பரிமாறினார். கணவரிடம் கண்டதும் பிறந்த பரிவு, மனைவியிடம் ஒரு வாரம் தாமதித்துப் பிறந்தது.

இத்தாமதம் குறித்து இப்னுல் ஜவ்ஸி கூறியதை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. நல்லவர் ஒருவரிடம் நம் உள்ளம் ஒட்ட மறுத்தால், அதன் காரணத்தைத் தேடி அகற்ற முயல வேண்டும் என்பது அவர் இந்நபிமொழியிலிருந்து பெற்ற பாடம். இணக்கம் இறைவனின் கொடையாயினும், இணக்கமின்மைக்கு நாம் பொறுப்பாளிகள்.

மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் இருவர் இருவராகச் சகோதரராக்கியபோது, மனம் ஒட்டும்வரை காத்திருக்கவில்லை. ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவருக்காகத் துஆச் செய்துவிட்டு, கடைவீதி எங்கே என்று மட்டும் கேட்டார். தருபவரின் தாராளத்தையே நாம் மேடைதோறும் பாராட்டுகின்றோம். பெறவந்தவரின் தன்மானம் இல்லையேல் அது சகோதரத்துவமாக அன்றி உபகாரமாகவே நின்றிருக்கும் என்பது எம் கருத்து.

மண்டபத்து முகாமில் 1980களிலிருந்து ஈழத்து அகதிகள் தங்கிவருகின்றனர். 2022 மார்ச்சில், இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் படகேறி வந்தோரும் இங்கேயே சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் நம் மார்க்கத்தவர் அல்லர். நம் ஸலாமோ சஹனோ அவர்களுக்குப் பழக்கமானவை அல்ல. ஆனால் பேசும் மொழி ஒன்று. கடந்துவந்த கடலும் நம் முன்னோர் வாணிபத்துக்குக் கடந்த அதே கடல். அவர்களுள் ஒருவரிடம் எந்த ஊர் என்று கேட்டு, அவர் மன்னார் என்று சொன்னால், அவ்வூரில் யாருடைய பாட்டனார் கடை வைத்திருந்தார் என்று சொல்லத் தெரிந்த முதியவர்கள் இக்கரையில் இன்னும் இருக்கின்றார்கள்.