வெலோன்ட்ரியாக்கே: ஊரார் காக்கும் கடல்

வெலோன்ட்ரியாக்கே என்பது மடகாஸ்கர் தீவின் தென்மேற்குக் கரையில் மீனவ ஊர்களே நிருவகிக்கும் கடல் பாதுகாப்புப் பகுதியாகும். இதன் பரப்பு ஏறத்தாழ 640 சதுர கிலோமீட்டர். ‘கடலோடு வாழ்தல்’ என்பது இப்பெயரின் பொருள். இங்கு வாழ்பவர்கள் வெசோ என்னும் கடலோடி மக்கள். முடிவை ஊரார் எடுக்க, வெளி நிறுவனங்கள் துணைநிற்கும் கூட்டு முயற்சிக்கு இப்பகுதி நல்ல எடுத்துக்காட்டு.

தொடக்கம்

கடல் வற்றும் வேளையில் வெசோ பெண்கள் பவளத்திட்டின் மேல் நடந்து சென்று, பொந்துகளில் ஒளிந்திருக்கும் பேய்க்கணவாயை (ஆக்டோபஸ்) ஈட்டியால் குத்திப் பிடிப்பார்கள். ஏற்றுமதிக்காக இதை வாங்கத் தொடங்கியபின் பிடிப்பு மிகுந்தது. பேய்க்கணவாய் குறைந்துவிடுமோ என்ற கவலை எழுந்தது.

2004-இல் அந்தவடோவக்கா ஊரார் ஒரு பவளத்திட்டை மட்டும் ஏழு மாதம் மூடிவைத்தனர். பேய்க்கணவாயின் ஆயுள் குறைவு; வளர்ச்சியோ மிக விரைவு. ஆகவே சில மாதம் விட்டுவைத்தாலே அதன் எடை பன்மடங்கு கூடிவிடும்.

யாருக்கு என்ன பணி?

எந்த இடத்தை, எப்போது மூடுவது என்பதை ஊர்க்கூட்டம் முடிவுசெய்யும். ‘தினா’ எனப்படும் ஊர்க்கட்டுப்பாட்டை மீறுவோர் தண்டம் கட்ட வேண்டும். புளூ வென்ச்சர்ஸ் என்னும் பிரித்தானியத் தொண்டு நிறுவனமும் துலியார் நகரின் கடல் ஆய்வு நிறுவனமும் பிடிப்பை அளந்து கணக்கிட உதவின. கொள்முதல் நிறுவனமும் இம்முயற்சியில் பங்கேற்றது.

பயனும் சிக்கலும்

2004 முதல் 2011 வரை நடந்த 36 மூடல்கள் ஆராயப்பட்டன. திறந்தபின் வந்த ஒரு மாதத்தில் ஒருவருக்குக் கிடைத்த பிடிப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியிருந்தது. ஊரின் மீன்பிடி பரப்பில் சுமார் கால் பங்கையே மூடியதால், காத்திருந்த நாள்களிலும் வருவாய் பெரிதாகக் குறையவில்லை. அன்றாடப் பிடிப்பை நம்பி அடுப்பெரியும் வீடுகளுக்கு இதுவே முதன்மையான கேள்வி.

ஆனால் திறப்பு நாளில் பெருங்கூட்டம் இறங்கியது. பல மாதம் காத்துச் சேர்த்ததைச் சில நாளில் அள்ளிவிடும் நிலை ஏற்பட்டது. காத்தது ஓர் ஊர், பிடிப்பது வேறோர் ஊர் என்றால் கட்டுப்பாடு நிலைக்காது. அண்டை ஊர்கள் ஒன்றுசேர வேண்டிய தேவையை இது உணர்த்தியது.

வளர்ச்சி

2006-இல் ஊர்கள் இணைந்து வெலோன்ட்ரியாக்கே அமைப்பை உருவாக்கின. அந்தவடோவக்கா ஊருக்கு ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு கிடைத்தது. பின்னர் மீன்பிடிப்பே இல்லாத நிலையான காப்பிடங்களும் அமைந்தன. மாற்று வருவாய்க்காகக் கடலட்டை, கடற்பாசி வளர்ப்பு தொடங்கியது. 2015-இல் அரசு இப்பகுதிக்கு நிலையான பாதுகாப்புத் தகுதி அளித்தது.

முதலிலேயே நிலையான தடை விதித்திருந்தால் மக்கள் ஏற்றிருப்பது கடினம். சில மாதத்தில் கண்ணால் கண்ட பலனே அவர்களை அடுத்த படிக்கு அழைத்துச் சென்றது.