சூரியனுக்கு ஜாதகம் கணிக்கும் மேஜை

உஷ்! சத்தம் போடாமல் வாருங்கள். இது இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் இருக்கும் ‘மெட் ஆஃபீஸ்’. பிரிட்டனின் மழையையும் பனியையும் கணிக்கிற இதே இடத்தில், 2014 முதல் சூரியனுக்கென்றே ஒரு குழு ராத்திரி பகலாக உட்கார்ந்திருக்கிறது. ஆமாம், சூரியனைப் பார்க்க நைட் ஷிஃப்ட்!

எதற்கு இந்தக் கண்விழிப்பு? சூரியனில் சுடர் வெடித்தால் எக்ஸ் கதிர்கள் எட்டே நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடும். வெடித்ததை நாம் பார்ப்பதும் கதிர் வந்து தாக்குவதும் ஒரே நேரத்தில்! பகல் பக்கத்தில் சிற்றலை ரேடியோ ஊமையாகிவிடும். பார்த்துவிட்டு எச்சரிக்க ஏது அவகாசம்? அதனால்தான் முந்திக்கொண்டு, ‘நாளை வெடிக்க 20 சதவீத வாய்ப்பு’ என்கிற மாதிரி ஓர் எண்.

அந்த எண் பிறக்கிற இடம்தான் ஜோர். ஒவ்வொரு சூரியப் புள்ளிக் கூட்டத்துக்கும் அளவு, வடிவம், நெருக்கம் பார்த்து மூன்றெழுத்தில் ஒரு ராசி! மெக்கின்டாஷ் வகைப்பாடு என்று பெயர். மொத்தம் 60 வகை. இதே ராசிக்காரர்கள் முன்பு எத்தனை முறை வெடித்தார்கள் என்று பழைய கணக்கைப் புரட்டினால் முதல் எண் தயார். பிறகு பணியில் இருப்பவர், ‘இது மளமளவென்று வளர்கிறதே’ என்று ஏற்றுவார், இறக்குவார். மனிதக் கை பட்ட கணிப்பே தேவலை என்று 2017இல் வெளியான ஆய்வும் சொல்லிவிட்டது. அட!

ஆனால் ஜோசியர் செய்யாத ஒரு வேலையை இவர்கள் செய்கிறார்கள்: சொன்னது பலித்ததா என்று எண்ணுகிறார்கள்! ‘20’ என்று சொன்ன நாட்களை மட்டும் பொறுக்கி எடுப்பார்கள். அப்படி நூறு நாள் இருந்தால், சுமார் இருபதில் வெடித்திருக்க வேண்டும். பத்தில்தான் வெடித்ததா? வீண் பயம் காட்டியிருக்கிறோம். அடுத்த முறை எண்ணை இறக்கு. முப்பதா? ஏற்று. ராட்சத எக்ஸ் வகை வெடிப்புகள்தான் தலைவலி. அபூர்வமாக வருவதால் எண்ணிப் பார்க்கவே கைவசம் உதாரணங்கள் போதாது.

குறுக்கு வழி இல்லையா? இருக்கிறதே! தினமும் நீண்டகாலச் சராசரியையே ஒப்பித்தால் கணக்கு கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அமைதியான நாளும் ஆபத்தான நாளும் ஒன்றுபோலவே தெரியும், யாருக்குப் பிரயோஜனம்? சமயம் பார்த்துத் துணிந்து 70 சொல்ல வேண்டும், அதற்குக் கணக்கும் காட்ட வேண்டும்.

சரி, நழுவுவோம். அங்கே ஒருவர் பழைய எண்ணை அழித்துப் புதிதாக ஒன்று தட்டுகிறார். என்ன எண் என்று எட்டிப் பார்க்கத்தான் துடிக்கிறது!