வார்டிலிருந்து வாசலுக்கு வரும் செவிலியர் பணி

தஞ்சை, திருவாரூர், நாகை கிராமங்களில் 'நர்சம்மா' என்றால் கர்ப்பிணிகளின் பதிவேடும் தடுப்பூசிப் பெட்டியுமாக வரும் கிராம சுகாதாரச் செவிலியர்தான். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அதன் பொறுப்பு அவருடையது. தாய்க்கும் சேய்க்கும் என்று அமைந்த அந்தப் பணி இப்போது வேறு திசையில் விரிகிறது.

ஏன் இந்த மாற்றம்?

ஊருக்கு வயதாகிவிட்டது. 2021 கணிப்பின்படி தமிழகத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம், நாட்டின் சராசரி 10.1. பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போய்விட, நாற்று நட்டு ஓய்ந்தவர்கள் சர்க்கரையோடும் ரத்தக்கொதிப்போடும் தனியே இருக்கிறார்கள். மாநில அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இவர்களின் வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுவந்தது. படுக்கையில் விழுந்தவர்களுக்கு நோய்த்தணிப்புச் செவிலியர் வருகிறார்: படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப்போடுகிறார், சிறுநீர்க்குழாயைக் கவனிக்கிறார், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வீட்டாருக்குக் கற்றுத்தருகிறார். இனி அதிகம் தேவைப்படப்போவது இந்த வேலைதான்.

ஆள் கிடைக்குமா?

உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி, 2023-ல் உலகில் 2.98 கோடி செவிலியர்கள் இருந்தனர். பற்றாக்குறை 58 லட்சம். 2030-லும் 41 லட்சம் பேர் பற்றாக்குறையாகவே இருப்பார்கள். அதனால் வெளிநாடுகள் நம் பெண்களை அழைக்கின்றன. இங்கோ 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுத்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தனர். நிரந்தரப் பணி கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் போராடினர். பின்னர் தொகை உயர்ந்தாலும் பலருக்கு நிரந்தரம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது.

சட்டம் உதவுமா?

1947-ன் செவிலியர் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. படிப்பின் தரம், பதிவேடு ஆகியவற்றுக்கு அது வழிசெய்கிறது. சம்பளமும் பணிப் பாதுகாப்பும் அரசுகளின், மருத்துவமனைகளின் கையில்தான் இருக்கின்றன.

வீடு வீடாகச் செல்லும் செவிலியருக்குக் காலமுறை ஊதியம், பயணப்படி, பாதுகாப்பு மூன்றும் வேண்டும். ஆற்றுநீர் கடைமடைக்கு வரவில்லை என்றால் டெல்டா குரல் எழுப்பும். தன் முதியோருக்குச் செவிலியர் வரவில்லை என்றாலும் அதே குரல் கிராமசபையில் எழ வேண்டும்.