காலைப் பிடித்த பிரேக்

என் மனைவியின் தங்கை மகளுக்கு 35 வயது. பள்ளி ஆசிரியை. ஆறு வருடங்களாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயுடன் போராடுகிறாள். காலையில் எழும்போதே வலது கால் கட்டை போல விறைத்துக்கொள்ளும், மடக்கினால் மடங்காது. சென்ற தீபாவளிக்கு வந்தபோது ஒரு விளம்பரத் தாளை என் முன் வைத்தாள். தலையில் காந்தம் வைத்துக் கால் இறுக்கத்தைப் போக்கும் சிகிச்சையாம். அமெரிக்க அனுமதி பெற்ற கருவியாம். "பெரியப்பா, நீங்க இன்ஜினீயர்தானே, இது நிஜமான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றாள். அவள் அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கவே தயாராக இருந்தாள்.

நான் டிப்ளமா படித்த ரயில்வேக்காரன், வைத்தியன் அல்ல. 36 வருடம் பெட்டிகளின் பிரேக்கோடு மாரடித்தவன். எனக்குப் புரிந்த வழியிலேயே சொல்கிறேன். நம் சங்கத்து டாக்டர் அன்பர்கள் பிழையிருந்தால் திருத்தலாம்.

காற்றை அனுப்பினால்தான் ரயில் பிரேக் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. இன்ஜினிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஓடும் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருக்கும்வரைதான் பிரேக் விட்டிருக்கும். குழாய் அறுந்து அழுத்தம் இறங்கினால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும்.

காலிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். தசையைச் சட்டென்று இழுத்தால் அது தானாகச் சுருங்கும். டாக்டர் முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் உதறுகிறதே, அதுதான். தண்டுவடமே செய்யும் வேலை இது. மூளையிலிருந்து இறங்கும் செய்திகள் இதை அளவோடு அடக்கி வைக்கின்றன. இந்த நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுள்ள மையலின் உறையை அரித்துவிடுகிறது. இன்சுலேஷன் போன கேபிள்! செய்தி தாமதமாகும், வழியில் நின்றும் போகும். அடக்க ஆளில்லாமல் கால் இறுகுகிறது. எங்கள் பாஷையில் 'பிரேக் பைண்டிங்'.

காந்த சிகிச்சையின் தத்துவம் புதிதல்ல. மாறும் காந்தப்புலம் மின்சாரத்தை உண்டாக்கும் என்று ஃபாரடே 1831லேயே காட்டினார். 1985ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கரும் சகாக்களும் தலைமேல் கம்பிச்சுருளை வைத்து, மூளையைத் தூண்டி, கைத் தசையைத் துடிக்க வைத்தார்கள். சுருளில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். ஆனால் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவான நேரம்தான். மயக்க மருந்து வேண்டாம். தண்டவாள இணைப்பில் சக்கரம் தட்டுவது போல டக், டக் என்று சத்தம் வரும். காதை அடைத்துக்கொள்ள வேண்டும்.

கையை ஆளும் பகுதி மூளையின் மேற்பரப்பில் இருக்கிறது. காலை ஆளும் பகுதியோ இரு பாதிகளுக்கும் நடுவிலுள்ள பிளவின் உட்சுவரில் ஒளிந்திருக்கிறது. ஆழம் போகப் போகக் காந்தப்புலம் வேகமாகக் குறையும். ஆகவே சுருளின் வடிவமும் வைக்கும் இடமும் மிக முக்கியம்.

2007ல் ரோம் நகரில் சென்டோன்சே குழுவினர் 19 நோயாளிகளுக்கு, செகண்டுக்கு 5 துடிப்பு வீதம், இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். கால் இறுக்கம் குறைந்தது; நிறுத்திய பிறகும் ஒரு வாரமாவது பலன் நின்றது. 2010ல் துடிப்பின் முறையை மாற்றி 20 பேரிடம் செய்ததில் இரண்டு வாரம் வரை நின்றது. 2011ல் வந்த ஆய்வுதான் எனக்குப் பிடித்தது. காந்தம் மட்டும் பெற்றவர்களுக்கு இறுக்கம் குறைந்தது. கூடவே உடற்பயிற்சியும் செய்தவர்களுக்குக் களைப்பும் குறைந்து, அன்றாட வேலைகளும் எளிதாயின.

ஆக, விஷயம் பொய்யல்ல. ஆனால் பார்த்தது சில பத்துப் பேரிடம். அரித்துப்போன உறையை இது ஒட்டாது. இன்ஜின் பக்கம் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது, அவ்வளவே. குழாயின் கசிவு அப்படியே இருக்கும். விளம்பரம் சொன்ன அமெரிக்க அனுமதியைத் தேடினேன். 2008ல் கொடுத்தது உண்மை, ஆனால் மனச்சோர்வுக்கு! கால் இறுக்கத்துக்கு அல்ல. பேஸ்மேக்கர் உள்ளவர்கள், தலைக்குள் உலோகக் கிளிப் உள்ளவர்கள், வலிப்பு நோய்க்காரர்கள் ஆகியோர் விஷயத்தில் உள்ள ஆபத்து பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். "அப்போ பலன் போகப் போகப் பணம் கட்டிக்கிட்டே இருக்கணுமா பெரியப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள், கிழித்துப் போடவில்லை.

இப்போது அவளுடைய நரம்பு மருத்துவர் பேக்ளோஃபென் மாத்திரையின் அளவை மாற்றியிருக்கிறார். அதிகமானால் இறுக்கத்தோடு கால் பலமும் போய்விடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். தினமும் மாலையில் பிசியோதெரபி. முறைப்படி ஆராய்ச்சி நடத்தும் பெரிய ஆஸ்பத்திரி ஏதாவது கூப்பிட்டால் போவதாகச் சொல்லியிருக்கிறாள். நானும் துணைக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். சங்கிலி அவள் அம்மா கழுத்திலேயே இருக்கிறது.