பெறுநர் பெட்டியில் 245 பேர்

2021 செப்டெம்பர் 20ஆம் திகதி பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சிலிருந்து ஒரு மின்னஞ்சல் போனது. ஆப்கானிஸ்தானில் பிரித்தானியாவுக்காகப் பணிபுரிந்துவிட்டு, தலிபான்களிடமிருந்து தப்பி வெளியேறக் காத்திருந்தவர்களுக்கான கடிதம் அது. 245 முகவரிகளும் 'பெறுநர்' பெட்டியில் வரிசையாக இருந்தன. கடிதம் கிடைத்த ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோருடைய முகவரியும் தெரிந்தது. 55 பேரின் முகப்படங்களும் கூடவே தெரிந்தன. இருவர் 'எல்லோருக்கும் பதில்' என்பதை அழுத்தினார்கள். அவர்களில் ஒருவர் தான் இருக்கும் இடத்தையும் எழுதிவிட்டார். 2023 டிசெம்பரில் தகவல் ஆணையர் அலுவலகம் அமைச்சுக்கு 350,000 பவுண்டுகள் அபராதம் விதித்தது.

இது புதிய தவறு அல்ல. 2015 செப்டெம்பரில் இலண்டன் சோஹோவில் உள்ள 56 டீன் ஸ்ட்ரீட் மருத்துவ நிலையம், எச்.ஐ.வி. சேவை தொடர்பான செய்திமடலை 781 பேருக்கு இதே விதத்தில் அனுப்பியது. அவற்றில் 730 முகவரிகளில் ஆட்களின் முழுப்பெயரே இருந்தது. அதற்கு 180,000 பவுண்டுகள் அபராதம்.

இரண்டு இடங்களிலும் யாரும் களவாக உள்ளே நுழையவில்லை. ஒரு பெட்டிக்குப் பதிலாக இன்னொரு பெட்டியில் முகவரிகள் இடப்பட்டன. அவ்வளவுதான்.

ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் இயங்கும் எமது ஊர்ச்சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், தமிழ்ப் பாடசாலைகள், கோயில்கள் எல்லாவற்றிடமும் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. பெயர், ஊர், தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல். அந்தப் பட்டியலில் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராதவர் இருக்கலாம். பெற்றோர் இன்னும் ஊரில் இருக்க, தன் பெயர் எங்கும் வெளியில் வராமல் பார்த்துக்கொள்பவர் இருக்கலாம். ஒரு நினைவேந்தல் அழைப்பு பெறுநர் பெட்டி திறந்தபடி போனால், யார் யாருக்கு அழைப்புப் போனது என்ற பட்டியலும் அதனோடு போய்விடும். பிறகு யார் கையில் அது சேரும் என்று எவராலும் சொல்ல முடியாது.

'பிசிசி' பெட்டியைப் பாவித்தால் போதும் என்பார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு மனிதர் மறக்காமல் இருந்தால்தான் அது பாதுகாப்பு. மறதிக்கே இடம் கொடுக்காத வழி வேறு உண்டு. அதுதான் கட்டளைவரி.

மின்னஞ்சல் வழங்கியைப் பராமரிப்பவர்கள் சுட்டியால் அழுத்துவதைவிட, கறுப்புத் திரையில் எழுத்தாகக் கட்டளை கொடுப்பதையே விரும்புவார்கள். ஒரு வேலைக்குத் தேவையான கட்டளைகளை ஒழுங்காக ஒரு கோப்பில் எழுதி வைத்தால் அது ஸ்கிரிப்ட். முகவரிப் பட்டியலை வரிக்கு ஒன்றாக அது வாசிக்கும். ஒரு வரி, ஒரு கடிதம், ஒரு பெறுநர். 300 பேர் இருந்தால் 300 தனிக் கடிதங்கள். மற்றவரின் முகவரி எந்தக் கடிதத்திலும் இருக்காது. ஆகவே தவறான பெட்டியில் ஒட்டுவது என்ற பேச்சே இல்லை.

இதே முறை கணக்குகளுக்கும் உதவும். நிர்வாகசபை மாறும்போது பழைய செயலாளரின் கணக்கு அப்படியே கிடப்பது எமது சங்கங்களில் வழமை. கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதாது. பழைய கைப்பேசியில் திறந்திருக்கும் இணைப்பு தொடரலாம். தனிப்பட்ட முகவரிக்குத் தானாகக் கடிதங்களை அனுப்பும் விதியும் அப்படியே இருக்கலாம். கடவுச்சொல்லை மாற்று, திறந்த இணைப்புகளைத் துண்டி, அனுப்பும் விதியை நீக்கு, பழைய கடிதங்களின் பிரதியை எடு, 'செயலாளர்' என்ற பொது முகவரியைப் புதியவருக்குத் திருப்பு: இந்த ஐந்து படிகளையும் ஒரு ஸ்கிரிப்டில் எழுதிவிட்டால் எந்த ஆண்டும் ஒன்று தவறாது. சொந்த வழங்கி இல்லாதவர்களும் இதைச் செய்யலாம். கூகுள் வேர்க்ஸ்பேஸ் பாவிப்பவர்களுக்கு 'காம்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. மைக்ரோசொப்ட் பாவிப்பவர்களுக்குப் பவர்ஷெல் இருக்கிறது.

ஆபத்தும் உண்டு. கை தவறினால் ஒரு கணக்கு அழியும். ஸ்கிரிப்ட் தவறினால் எல்லாக் கணக்கும் அழியும். ஆகவே நல்ல ஸ்கிரிப்ட் முதலில் ஒத்திகை பார்க்கும். 'இத்தனை பேருக்கு இந்தக் கடிதம் போகும், சம்மதமா?' என்று எண்ணிக்கையைக் காட்டி நிற்கும். இரண்டாவது ஒருவர் பார்த்த பிறகுதான் 'ஆம்' என்று எழுத வேண்டும். ஆப்கான் சம்பவத்துக்குப் பிறகு பாதுகாப்பு அமைச்சும் வெளியே போகும் கடிதங்களை இரண்டாமவர் பார்க்கும் நடைமுறையைக் கொண்டுவந்தது. ஒருபோதும் கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதக் கூடாது. என்ன செய்தது, எப்போது செய்தது என்ற பதிவை அது ஒரு கோப்பில் விட்டுச்செல்ல வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. இங்கே பிறந்து கணினி படித்த எமது பிள்ளைகளில் ஒருவருக்கு ஒரு சனிக்கிழமை போதும். ஆனால் அந்த ஸ்கிரிப்ட் அவருடைய மடிக்கணினியில் மட்டும் இருக்கக் கூடாது. அவர் வேறு நகரத்துக்குப் போனால் அடுத்தவர் எடுத்து வாசிக்கக்கூடியதாக, ஒவ்வொரு படிக்கும் தமிழில் ஒரு வரி விளக்கத்தோடு, சங்கத்தின் ஆவணங்களோடு அதையும் வைக்க வேண்டும்.

உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசித்து முடிந்ததும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். எங்கள் முகவரிப் பட்டியலை இன்று யார் யார் திறக்கலாம்? சென்ற நிர்வாகசபையின் கணக்குகள் எந்தத் திகதியில் மூடப்பட்டன? பதிவுக் கோப்பு இருந்தால் இரண்டுக்கும் அங்கேயே பதில் கிடைக்கும்.