இணைப்புக் கொக்கியும் பொருத்துபவர் பொறுப்பும்

ஒரு வண்டியின் பின்னால் இன்னொன்றை மாட்டி இழுப்பது எளிய செயலாகத் தோன்றலாம். நம் ஊர்ச் சாலைகளில் டிராக்டரும் டிரெயிலரும் செல்வதை நாள்தோறும் காண்கிறோம். அமெரிக்க நாட்டில் படகு, குதிரை, வீட்டுச் சாமான் ஆகியவற்றை ஏற்றிய டிரெயிலர்களைப் பிக்கப் வண்டிகள் இழுத்துச் செல்கின்றன. டிராக்டர் இழுப்பதற்கென்றே பிறந்தது. பிக்கப்புக்கோ பல வேளைகளில் கொக்கி பின்னர்தான் பொருத்தப்படுகிறது. அவ்வாறு பொருத்துபவரின் பொறுப்பு என்ன? இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில் விளக்க முயல்கிறேன்.

பிக்கப்பின் முதுகெலும்பு அதன் சேசிஸ். அது ஏணியைப் போன்றது: நீண்ட இரு எஃகுச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். பல வண்டிகளில் நீண்ட சட்டம், ‘ப’ என்னும் எழுத்தைப் பக்கவாட்டில் படுக்கவைத்த வடிவில் இருக்கும். பாரம் ஏறும்போது சட்டம் வளைய முற்படுகிறது. அப்போது மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் தகைவு மிகுதி, நடுவில் குறைவு. எனவே விளிம்பில் துளையிடுவது சட்டத்தின் வலிமையையே பறிப்பதாகும். கண்டபடி வெல்டிங் செய்தாலோ, சூட்டினால் எஃகின் தன்மை மாறி, நாளடைவில் அங்கே விரிசல் தொடங்கக்கூடும். ஆகவேதான் பல கொக்கிகள், தொழிற்சாலையில் இட்ட துளைகளிலேயே, குறிப்பிட்ட தரமுள்ள போல்ட்டுகளை உரிய அளவுக்கு முறுக்கிப் பொருத்துமாறு செய்யப்படுகின்றன.

அடுத்து, கொக்கியின்மேல் அமரும் சுமை. டிரெயிலர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின்மீது விழவேண்டும் என்பது பொது விதி. 2,000 கிலோ டிரெயிலருக்கு 250 கிலோ எனக் கொள்வோம். கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் உள்ளது. இரு அச்சுகளுக்கும் இடையே 3 மீட்டர். நெம்புகோல் தத்துவப்படி முன் அச்சில் 100 கிலோ குறையும். பின் அச்சில் 350 கிலோ கூடும். வண்டியைத் திருப்புவதோ முன் சக்கரங்கள்! அவற்றின் பிடிப்பு குறைந்தால் ஆபத்தே. கொக்கியின்மேல் சுமை மிகக் குறைந்தாலும் தீங்குண்டு. ஓட்டத்தில் டிரெயிலர் பாம்புபோல் நெளியத் தொடங்கும்.

இங்கே பொறுப்பு மூவருக்குரியது. தயாரிப்பவர், தாங்கும் அளவைப் பொறித்துத் தருகிறார். ஓட்டுபவர் அதனை மீறாதிருக்கவேண்டும். இருவருக்கும் நடுவில் நிற்பவர் பொருத்துபவர். அவருடைய வேலை வண்டிக்கு அடியில் மறைந்து கிடப்பது. அதன் குறையை உரிமையாளர் எளிதில் காண இயலாது. வண்டி, கொக்கி, அதன்மேலுள்ள எஃகுக் குண்டு ஆகியவற்றுள் எது மிகக் குறைவாகத் தாங்குமோ, அதுவே முழு இணைப்பின் அளவு. பெரிய கொக்கியை மாட்டியதால் சிறிய வண்டி பெரிதாகிவிடாது. இதனை எடுத்துரைப்பதும், துருவேறிய சட்டத்தைக் கண்டால் கூலியை இழந்தேனும் மறுப்பதும் அவர் கடமை. இணைப்பு கழன்றாலும் டிரெயிலரின் முன்தண்டு தரையில் குத்தாதபடி, காப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுவதற்கு உறுதியான இடம் அமைப்பதும் அவ்வாறே.

கழன்றோடும் டிரெயிலர் கூலி கொடுத்தவரை மட்டுமா தேடிச் செல்லும்? எதிரே வரும் சைக்கிள்காரரும், சாலையோரம் நிற்கும் குழந்தையும் அதற்கு ஒன்றே. பொருத்துபவர் கூலி பெறுவது ஒருவரிடம். அவர் கடமைப்பட்டிருப்பதோ அச்சாலையில் செல்லும் அனைவருக்கும்.