பெடிகிரியில் கொக்கின் பாதம்

நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "பெடிகிரி உண்டா?" என்றுதான். அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் ஒரு பறவையின் கால் இருக்கிறது. பழைய பிரெஞ்சில் அதற்குக் 'கொக்கின் பாதம்' என்று பொருள். வம்சாவளிப் பட்டியலில் தந்தை பெயரிலிருந்து பிள்ளைகளுக்குப் பிரிந்த கோடுகள் கொக்கின் விரல்களைப் போல விரிந்திருந்தன. 15-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. சைக்கிள் பெடலும் காலின் வழி வந்ததுதான்.

கைக்கு லத்தீனில் 'மானுஸ்'. மேனுவல், மேனிக்யூர் மட்டுமல்ல, அலுவலக மேனேஜரும் அந்த வம்சமே. மேனேஜரின் மூலச்சொல் இத்தாலிய மொழியில் குதிரையைப் பழக்கி நடத்துவதைக் குறித்தது. ஊழியர்கள் இதை நம்பத் தயங்க மாட்டார்கள்!

பைஜாமா? பாரசீகத்தில் 'கால் உடை'. அறுவை செய்யும் சர்ஜனோ, கிரேக்க மூலத்தின்படி வெறும் கைவேலைக்காரர்.